ஏழு காய்ச்சல்காரர்கள்

பாலத்தடி ரப்பர் தோட்டம், கிள்ளான், மலாயா
1941 ஏப்ரல் 3, வியாழன்

ஆஸ்பத்திரியில் இன்று பதினான்கு பேர். பன்னிரண்டு மலேரியா, ஒன்று வயிற்றுப்போக்கு, ஒன்று ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதவன்தான் அதிகம் முனகினான். கொயினா மாத்திரை இன்னும் ஆறு நாளைக்குத்தான் காணும்.

பிலோமினாவின் கடிதம் வந்தது. நாகப்பட்டினத்தில் வெயில் அதிகம், மாமியாருக்கு முழங்கால் வலி, பையனுக்கு என் மூக்கு. ஞானஸ்நானம் முடிந்து நாலு மாதம் ஆகிறது. மூக்கின் சொந்தக்காரன் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. லீவு கேட்டு மூன்றாவது மனுவை இன்று துரையின் மேசையில் வைத்தேன். முதல் இரண்டும் எங்கே போயின என்று ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணிக்கே தெரியவில்லையாம்.

மாலையில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். இங்கே துரையோ கிராணியோ டிரசரோ எதிரே வந்தால், சைக்கிளில் வரும் தொழிலாளி இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். நாங்கள் கடந்த பிறகுதான் ஏறலாம். யார் போட்ட சட்டமோ, நான் இந்த ஆஸ்பத்திரிக்கு மருந்து கொடுக்கும் டிரசராக வந்த ஆறு வருஷமாக இருக்கிறது. இன்று பால்வெட்டுக்காரன் பரசுராமன் எதிரே வந்தான். இறங்கவில்லை. சைக்கிளில் உட்கார்ந்தபடியே, "வணக்கம் டிரசரய்யா" என்றான். நானும் வணக்கம் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, ஓரமாக ஒதுங்கி நின்றது நான்.

ஏப்ரல் 9

பரசுராமன் ஆஸ்பத்திரிக்கே வந்தான். நோய் ஒன்றும் இல்லை. வட ஆற்காட்டுக்காரன், முப்பது வயதிருக்கும். சாயங்காலங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்து பத்திரிகையை உரக்கப் படிப்பவன் அவன்தான். சட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். துரைக்குக் கொடுக்கப் போகும் கோரிக்கைகள், பன்னிரண்டு. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடையை மூடுவது, பெண்களிடம் வாலாட்டும் மேலாளை வெளியேற்றுவது, சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிப்பது. எல்லாம் நியாயமாகவே பட்டது, எட்டாவதைப் படிக்கும்வரை. 'தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒழுங்கான வைத்தியம் வேண்டும்.'

"இது யாரைச் சொல்றது?" என்றேன்.

"உங்கள இல்லீங்கய்யா. ஆஸ்பத்திரியச் சொல்றோம்."

"ஆஸ்பத்திரின்னா நான்தானேப்பா. வேற யாரு இருக்கா இங்க?"

அவன் சிரித்தான். "அதத்தாங்கய்யா சொல்றோம். நானூறு பேருக்கு நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க."

அவன் சொன்னது எனக்குச் சாதகமா பாதகமா என்று இன்னும் புரியவில்லை. காகிதத்தில் ஒரு எழுத்தைத் திருத்திக் கொடுத்தேன். திருத்தியதால் நான் அவர்கள் கட்சியாகிவிட்டேனா? அப்படி இல்லை. கோணலாக இருந்தது, நேராக்கினேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 11

பெரிய வெள்ளி. கிள்ளான் கோயிலுக்குப் போக முடியவில்லை. ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

விடிகாலையில் பெரட்டு மணி அடித்தது. வேலைக்குப் பேர் கொடுக்க ஒருவரும் வரவில்லை. மணி அடிப்பவன் சந்தேகப்பட்டு இன்னொரு முறை அடித்தான். துரை கையில் பிரம்போடு காலி மைதானத்தின் நடுவில் நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு, பாவம் என்று நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

என் வாசலில் மட்டும் கூட்டம். வேலைக்குப் போகவும் பயம், போகாமலிருக்கவும் பயம் என்கிற ஆட்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் வயிற்றுவலி. முப்பத்தொரு பேருக்கு விளக்கெண்ணெய் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் பாதிப் பேர் தைரியசாலிகளாகி வேலைநிறுத்தத்தில் சேர்ந்துவிட்டார்கள்.

மே 3

பரசுராமனின் மனைவி செங்கமலம் இன்று ஆபீஸ் முன்னால் பேசினாள். பேசினாள் என்றால் மேடைப் பேச்சு இல்லை. துரை, "உன் புருஷன் எங்கே?" என்று கேட்க, "ஏன், எனக்கு வாய் இல்லீங்களா? நான் பேசுனா காது கேக்காதா?" என்றாள். பின்னால் நின்ற அறுபது பெண்களும் சிரித்தார்கள். துரையின் கழுத்து சிவந்தது.

பிலோமினா ஒருநாளும் இப்படிப் பேசமாட்டாள். அதில் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

மே 6, செவ்வாய்

துரை கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொல்லவில்லை, அது வழக்கம்தான். நாளை கிள்ளானிலிருந்து போலீஸ் வருகிறது என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். லயங்களில் காய்ச்சலோடு கிடப்பவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் வேண்டும். நோயாளிகளைப் போலீஸ் தொந்தரவு செய்யாது என்றார்.

அங்கேயே நின்றபடி எழுதினேன். காய்ச்சல் என்று தலைப்புப் போட்டேன். லயங்களில் உண்மையில் காய்ச்சலோடு கிடந்தது இரண்டு கிழவிகளும் ஒரு கைக்குழந்தையும்தான். அவர்களை எந்தப் போலீஸ் பிடிக்கப் போகிறது? அதனால் அவர்களை விட்டுவிட்டு, ஆபத்தில் இருப்பவர்களை எழுதினேன். முதலில் பரசுராமன். அடுத்தது பக்கத்து வீட்டுக் கதிர்வேல். அப்புறம் பால் ஸ்டோரில் வேலை செய்யும் சடையன். இப்படி ஏழு பேர். ஏழாவது பெயர் எழுதும்போது மையும் தீர்ந்துவிட்டது.

துரை படித்தார். கேள்வி கேட்பார் என்று காத்து நின்றேன். கேட்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "தேங்க் யூ, டிரசர்" என்றார். ஆறு வருஷத்தில் முதல் தேங்க் யூ.

ஏழு பேரைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு வந்து சாப்பிட்டேன். ரசத்தில் உப்புக் கூடிவிட்டது.

மே 7

காலை ஏழு மணிக்கு லாரி வந்தது. தமிழ் சார்ஜன்ட் ஒருவர் காகிதத்தைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிட்டார். பரசுராமன். கதிர்வேல். சடையன். ஏழு பெயர்களும் நான் எழுதிய வரிசையிலேயே வந்தன. அது வீட்டு நம்பர் வரிசை இல்லை, சம்பளச் செக்ரோல் வரிசையும் இல்லை. என் மனதில் தோன்றிய வரிசை. தற்செயலாகவும் இருக்கலாம்.

சார்ஜன்ட் பரசுராமனின் நெற்றியில் கையை வைத்து, "என்னடா, உனக்குக் காய்ச்சல்னு உங்க டிரசர் எழுதியிருக்காரு. ஐஸ் மாதிரி இருக்கே" என்றார். போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். பரசுராமன் திரும்பி ஆஸ்பத்திரிப் பக்கம் பார்த்தான். நான் ஜன்னலுக்குள் இருந்தேன். என்னைப் பார்த்தானா என்று தெரியாது.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நோயாளிகளைத் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டு, நோயாளிகளை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஒருவேளை, முந்தின நாள் ஆபீஸ் முன்னால் தொண்டை கிழியக் கத்தியவர்களுக்குக் காய்ச்சல் என்று எழுதியதுதான் தப்போ? ஏழு பேரோடு இருபது கிழவிகளையும் கலந்து எழுதியிருந்தால் துரைக்கு அடையாளம் தெரிந்திருக்காதே. அந்த யோசனை அப்போது ஏன் வரவில்லை?

மே 8

லீவு கிடைத்துவிட்டது. மூன்று மாதம். ஜூன் 12 கப்பல். இரண்டாம் வகுப்பு டிக்கெட்டுக்குத் தோட்டமே ஏற்பாடு செய்யும் என்று துரை எழுதியிருக்கிறார். மனு கொடுத்து ஒரு மாதம் ஆயிற்று. எப்படியும் இப்போது வர வேண்டியதுதான். பிலோமினாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அன்புள்ள என்பதோடு நின்றுவிட்டது.

மே 10

ஏழு பேரையும் எடுத்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று துரை எண்ணியிருக்க வேண்டும். இன்று காலைப் பெரட்டுக்கு நாலு பேர் வந்தார்கள். அவர்களையும் செங்கமலம் பேசியே திருப்பி அனுப்பிவிட்டாள். இத்தனையும் நடத்துவது அவள்தான் என்பது இப்போதுதான் எல்லோருக்கும் தெரிகிறது. பரசுராமன் வாசித்த பத்திரிகைக்கு விளக்கம் சொன்னதும் அவள்தானாம்.

என் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அவளைக் காப்பாற்ற விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், ஒரு பெண்பிள்ளையின் பெயர் எனக்குத் தோன்றவே இல்லை.

மே 15

கிள்ளான் ரோட்டுச் சந்திப்பில் சுட்டுவிட்டார்கள். ஏழு பேரை விடச் சொல்லி ஐந்தாறு தோட்டத்துச் சனங்கள் ஊர்வலமாகப் போயிருக்கிறார்கள். எதிரே பட்டாளம். எங்கள் தோட்டத்துக் கிழவர் ஒருவர் குண்டு பட்டு அங்கேயே போய்விட்டார். மூன்று பேரைக் கதவுப் பலகையில் தூக்கி என்னிடம் கொண்டுவந்தார்கள். ஒருவனுக்குத் தொடையில், ஒருவனுக்குத் தோளில், ஒரு பெண்ணுக்குக் கையில்.

குண்டுக் காயத்தைப் போலீசுக்கு எழுதி அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. அனுப்பினால் கட்டிலிலிருந்தே இழுத்துப் போவார்கள். ரிஜிஸ்தரில் பால்வெட்டுக் கத்தி பட்ட காயம் என்று மூன்று பேருக்கும் எழுதினேன். வேலைநிறுத்தக் காலத்தில் பால்வெட்டுக் கத்தி எங்கிருந்து வந்தது என்று எவனாவது கேட்டால் நான் தொலைந்தேன். அதெல்லாம் தெரிந்துதான் எழுதினேன்.

சுத்தம் செய்து தையல் போட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் மனசு லேசாக இருந்தது. அப்புறம், இது அதற்கு ஈடாகுமா என்று ஒரு கணக்கு உள்ளே ஓடத் தொடங்கிவிட்டது. எதற்கு ஈடு? நான் என்ன செய்தேன்?

மே 22

வேலை தொடங்கிவிட்டது. பட்டினிதான் காரணம். ஏழு பேரையும் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப் போகிறார்கள், இனி இந்த மண்ணில் கால் வைக்க முடியாது என்று உத்தரவு வந்திருக்கிறது. சனங்கள் தோற்றுவிட்டார்கள் என்று கிராணி சொல்கிறார். ஆனால் வேலைநிறுத்தத்தில் பூட்டிய கள்ளுக்கடை இன்னும் திறக்கவில்லை. யாரும் யாருக்காகவும் சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை என்று துரையே ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். அப்படியானால் தோற்றது யார்?

மே 24

நோட்டீஸ் ஒட்டிய பிறகு துரைக்கு யாரும் இறங்குவதில்லை. கிராணிக்கும் இல்லை. எனக்கு இறங்குகிறார்கள்.

இன்று மூன்று பேர். மூன்றாவது ஆளை நிறுத்தி, "ஏம்ப்பா இறங்குறே? அதான் வேண்டாம்னு போட்டாச்சே" என்றேன்.

"யாரும் சொல்லி இறங்கலீங்கய்யா. நானாத்தான் இறங்குறேன்" என்றான். "எங்காளுங்கள காய்ச்சல்னு எழுதிக் காப்பாத்தப் பாத்தீங்கல்ல. சார்ஜன்ட் சொன்னத நாங்க எல்லாரும் கேட்டோம். குண்டடி பட்டவங்களையும் வெளிய சொல்லல. உங்களுக்கு எறங்காம வேற யாருக்கு எறங்குறது?"

இனிமேல் ரப்பர் மரங்களுக்கு நடுவே குறுக்கு வழியாகப் போய்வரலாம் என்றிருக்கிறேன். அட்டை கடிக்கும். பரவாயில்லை.

மே 30

செங்கமலம் ஒரு மூட்டையோடு வந்தாள். அந்த ஏழு பேரும் போவது என் கப்பலில்தானாம். ஜூன் 12. அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"ரெண்டு வேட்டி, ஒரு போர்வை, கொஞ்சம் பொரிமா. அவருகிட்ட குடுத்துடுங்க. கடல் காத்து அவருக்கு ஆகாது, பாத்துக்குங்க" என்றாள்.

"நீயும் கூடப் போகலாமே. குடும்பத்தை விடுவாங்களே."

"போலாங்க. நான் போய்ட்டா இங்க வாயத் தொறக்க யாரு இருக்கா?" என்றாள். கொஞ்ச நேரம் மூட்டையின் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஆபீசுக்காரங்கள்ல ஒருத்தராவது எங்க பக்கம் நின்னாருன்னு நெனச்சா, இங்க இருக்கத் தைரியமா இருக்குதுங்க. பொம்பளைங்ககிட்டயும் அதத்தான் சொல்லிட்டிருக்கேன்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எதைச் சொல்வது? நான் கெட்டது நினைக்கவில்லை என்றா, நினைத்தேன் என்றா? வாயைத் திறந்ததற்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "பொரிமா நமத்துப்போகும், தகர டப்பாவில் போடு" என்றேன்.

ஜூன் 4

அடுத்த கப்பலில் போகலாமா என்று கேட்கப் போனேன். துரை, "ஏன்?" என்றார். ஒன்றுமில்லை என்று திரும்பிவிட்டேன்.

ஜூன் 12

கப்பல் கிளம்பிவிட்டது. எனக்கு மேலே ஒரு அறை. அவர்கள் ஏழு பேரும் கீழே தளத்தில், மற்ற சனங்களோடு. மூட்டையை ஒரு கப்பல் சிப்பந்தியிடம் கொடுத்தனுப்பினேன்.

ஜூன் 13

பினாங்கு. இறங்கவில்லை. தலைசுற்றல்.

ஜூன் 16, திங்கள்

தளத்தில் நிறைய பேருக்கு வாந்தி. கப்பல் டாக்டர் என் தொழிலைக் கேள்விப்பட்டு உதவிக்குக் கூப்பிட்டார். மருந்து பாட்டிலோடு கீழே இறங்கினேன். ஏழு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்தார்கள். கதிர்வேல், "காய்ச்சல்காரங்களப் பாக்க டிரசரய்யா வந்துட்டாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தங்களுக்குள் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

பரசுராமனைத் தனியாக அழைத்துக்கொண்டு கப்பலின் கம்பி ஓரத்துக்குப் போனேன்.

மே 6-ஆம் தேதி எழுதியதில் சில வரிகளை விட்டிருக்கிறேன். பரசுராமனிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். அன்று துரை பட்டியல் கேட்டுவிட்டுப் பேனாவை நீட்டினார். நீட்டியபடி சொன்னார்: "யாரை நாங்கள் கவனிக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும், டிரசர். எந்தத் தலைப்பில் வேண்டுமானாலும் எழுது. உன் லீவு மனு என் மேசையில் மேலாகத்தான் இருக்கிறது." அதற்குப் பிறகுதான் நான் காய்ச்சல் என்று தலைப்புப் போட்டேன். அப்படிப் போட்டால் இவர்களைத் தொடமாட்டார்கள் என்று நிஜமாகவே நினைத்தேன். லீவையும் நினைத்தேன். எதை முதலில் நினைத்தேன் என்று ஒரு மாதமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

இத்தனையையும் பரசுராமனிடம் சொல்லி முடித்தேன். அவனை வாழ்நாளில் முதல் தடவையாக நீங்கள் என்று சொல்லிப் பேசினேன். அதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

"செங்கமலத்துக்குத் தெரியுமா?" என்றான்.

"இல்லை. சொல்ல வாய் வரல. ஊருக்குப் போனதும் கடிதம் எழுதிடறேன். எல்லாருக்கும் தெரியட்டும்."

"எழுதாதீங்க."

"என்ன சொல்றீங்க?"

"எழுதாதீங்கன்னேன்." கம்பியைப் பிடித்திருந்த அவன் கை வெளுத்திருந்தது. "அவ அங்க தனியா நிக்கிறா. உங்களக் காட்டித்தான் மத்த பொம்பளைங்களையும் நிறுத்தி வச்சிருக்கா. நீங்க மனசுல இருக்கிறதக் கொட்டிட்டு நிம்மதியாத் தூங்குவீங்க. அவ எதப் புடிச்சிட்டு நிப்பா?"

அழுதேன் என்று நினைக்கிறேன். அவன் சமாதானப்படுத்தவில்லை.

"மருந்து குடுக்க வந்தீங்கல்ல, குடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் பாய்க்குத் திரும்பினான். மற்ற ஆறு பேரிடமும் அவன் எதுவும் சொல்லவில்லை. பாட்டிலிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஊற்றிக் கொடுத்தேன். பரசுராமனும் கையை நீட்டி வாங்கிக் குடித்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 19, வியாழன். நாகப்பட்டினம்

படகிலிருந்து இறங்கும்போதே கொட்டுச் சத்தம். காங்கிரஸ்காரர்கள் இருபது முப்பது பேர் கொடியோடு வந்திருந்தார்கள். கிள்ளானிலிருந்து செங்கமலம் யாரையோ பிடித்துக் கடிதம் எழுதவைத்து, முந்தின கப்பலிலேயே அனுப்பியிருக்கிறாள். நாடு கடத்தப்பட்டவர்கள் ஏழு பேர், அவர்களைக் காப்பாற்றப் பார்த்த டிரசர் ஒருவர் என்று அதில் இருந்ததாம். மாலைகள் எட்டு.

நான் சுமைகூலிகளுக்குப் பின்னால் நழுவப் பார்த்தேன். கதிர்வேல் கையைப் பிடித்து இழுத்துவந்து வரிசையில் நிறுத்திவிட்டான். ஒரு பெரியவர் எட்டாவது மாலையோடு என்னிடம் வந்தார். வேண்டாம் என்று இரண்டு கையையும் கூப்பினேன். அடக்கம் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

பரசுராமன் அந்த மாலையைப் பெரியவரிடமிருந்து வாங்கினான். நேராக வந்து என் கழுத்தில் போட்டான். போட்ட கையை எடுக்காமல், எனக்கு மட்டும் கேட்கும்படி, "கழட்டக் கூடாது. வீடு வரைக்கும் போட்டுட்டுத்தான் போகணும்" என்றான்.

வண்டி பிடிக்காமல் நடந்தே போனேன். கடைத்தெருவில் தெரிந்தவர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். மாலை கனமாக இருந்தது, கழுத்தெல்லாம் ஈரம். வாசலில் பிலோமினா பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மூக்கு என் மூக்குதான். கைக்கு வந்ததும் மாலையைப் பிடித்து இழுத்தான்.

"இது எதுக்குங்க மாலை?" என்றாள் பிலோமினா.

"தோட்டத்தில எனக்கு நல்ல பேரு" என்றேன்.